கருப்பு போகும் வழி

பேயாண்டிக்குத் தம் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் கற்பனை ஓடியது. அதுவும் அடுத்தவன் வீடு கட்டிவிடக் கூடாதே என்பதற்காக.

கோச்சடைக்கு மேற்கே உள்ள செம்மேட்டுப்பட்டியில் அவர்தான் நிலபுலமுள்ள பெரிய சம்சாரி. ஊருக்குள் பங்காளிகளோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு இருப்பது தகுதிக்குக் குறைவு என்று தோன்றியதால், ஊருக்கு மேற்கே இருந்த செம்மேட்டையும் தாண்டித் தனியாக ஓட்டு வீடு கட்டிக்கொண்டார். அவருடைய பண்ணையாட்களுக்குச் சொந்த மனை கிடையாது. அவர் வயல் ஓரத்திலேயே குடிசை போட்டிருந்தார்கள். விடியுமுன் ஒரு குரல் கொடுத்தால் சோணைமுத்து ஏரோடு வந்து நிற்பான். வராவிட்டால், "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போடா" என்ற ஒரு சொல் போதும். இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் விசுவாசம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் சர்க்காருக்கு ஒரு யோசனை பிறந்தது. செம்மேடு புறம்போக்கு, அதை மனைகளாகப் பிரித்துப் பண்ணையாட்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். சேதி வந்த அன்றே ஊர்ச் சாவடி நிரம்பிவிட்டது. மழை பொய்த்த வருஷத்தில்கூட அங்கே அத்தனை பேர் கூடியதில்லை.

"மேட்டுல வீடு வந்தா மேகாத்து நின்னுபோகும். நம்ம களத்துல நெல்லை எப்படித் தூத்துறது?" என்றான் மொக்கையன். அவன் பேயாண்டிக்குப் பங்காளி.

"அவுக கோழி நம்ம கம்பைத் தின்னும்" என்றான் இன்னொருவன்.

"உன் கோழி இப்ப யாரு கம்பைத் திங்குது, மாப்ள?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. தனக்கு இல்லாததைக் கேட்பவனைவிட, பிறனுக்குக் கிடைக்கப்போவதை நினைத்துக் கவலைப்படுபவன் அதிக நேரம் உட்கார்ந்திருப்பான்.

காற்றும் கோழியும் அதிகாரி முன்னால் நிற்காது என்று பேயாண்டிக்குத் தெரியும். சொந்த மனையில் இருப்பவனை எதைச் சொல்லி மிரட்டுவது என்பதுதான் அவர் கவலை. அதை எந்தச் சாவடியிலும் சொல்ல முடியாது.

தாலுகாவிலிருந்து அதிகாரி வந்து மேட்டில் நின்றபோது பேயாண்டி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

"எசமான், இது எங்க காவல்சாமி கருப்பு வேட்டைக்குப் போற பாதை. கோயில் வாசல்ல இருந்து இந்த மேட்டு வழியாத்தான் நேரா மேக்க போகுது. இதுல வீடு கட்டுனா கட்டுனவனும் இருக்க மாட்டான், அளந்து கொடுத்தவனும் இருக்க மாட்டான்."

அதிகாரி வெளியூர்க்காரர், பிள்ளைகுட்டிக்காரர். நிலம் அளக்கும் சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். மனைத் திட்டம் அத்தோடு படுத்துவிட்டது.

பொய் சொல்லும்போது பேயாண்டி மேட்டை மட்டும்தான் பார்த்திருந்தார். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் பார்த்தது. சில நாட்களுக்குள் மொக்கையன் மேட்டில் கருப்பின் சலங்கைச் சத்தம் கேட்டதாகச் சொன்னான். சாமியின் சுருட்டு வாசனை வந்தது என்றான் இன்னொருவன். அதுவரை ஒருவர் காதிலும் மூக்கிலும் படாத சாமி, இப்போது எல்லார் வீட்டுச் சேதியாகிவிட்டது.

பேயாண்டியின் மனைவி ஒச்சம்மாள் ஒருநாள் சோறு வைத்தபடியே கேட்டாள்.

"ஏங்க, மேட்டைத் தாண்டி நேரா வந்தா நம்ம வீடுதானே?"

"நம்ம வீட்டுக்கு முன்னாலயே தெக்க திரும்பிரும்."

"திரும்புறதுக்குச் சாமி என்ன மாட்டு வண்டியா? நேரா போகுதுன்னு நீங்கதானே சொன்னீக."

அந்த மாதமே பசு செத்த கன்றை ஈன்றது. ஒச்சம்மாள் கோடாங்கியிடம் போனாள். சாமி வழியை மறித்திருக்கிறீர்கள், ஒன்று வீட்டை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் சாமிக்கு வழி விடுங்கள் என்று குறி வந்தது. வழி விடுவதென்றால் முன்சுவரிலிருந்து பின்சுவர்வரை கதவு இல்லாத திறப்பு. பொழுது சாய்ந்தபின் அதற்குக் குறுக்கே ஒரு குஞ்சும் நடக்கக் கூடாது. ஒச்சம்மாள் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பும். ஆனால் மறுநாளே மேட்டில் சங்கிலி விழும். சோணைமுத்து மனைக்காரன் ஆவான். பேயாண்டி ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். யோசித்தார் என்று சொல்வதுகூட அதிக மரியாதை. பிறகு சுவரை இடிக்க ஆள் கூப்பிட்டார்.

வந்தது சோணைமுத்துதான். சுவரில் கடப்பாரையைச் சாத்திவிட்டுக் கேட்டான்.

"ஐயா, சாமிக்கு எம்புட்டு அகலம் வேணும்?"

"ஆள் போற அளவுக்கு இடிடா."

"நடந்து போகுதா, குதிரையில போகுதாய்யா? அப்புறம் முட்டிக்கிருச்சுன்னு என்னைச் சொல்லக்கூடாது."

வேடிக்கை பார்க்க ஊரே நின்றது. மொக்கையன் தாடையைத் தடவிக்கொண்டு, "கேக்குறான்ல, சொல்லுங்கண்ணே. உங்களுக்குத்தானே தெரியும்" என்றான்.

பேயாண்டி சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"குதிரையில" என்றார்.

"ஈட்டி பிடிச்சிருக்குமாய்யா?"

"இடிடா."

நல்ல அகலமாகவே இடித்தான். அறுவடை முடிந்ததும் மனைவி சோணையம்மாளோடும் சட்டிபானையோடும் சிம்மக்கல் கடைவீதிக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். குடிசையைப் பிரித்துக்கொண்டு போகும்படி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மனை கிடைத்திருந்தால் இங்கேயே கிடந்திருப்பார்கள் என்பது ஊருக்குத் தாமதமாக விளங்கியது. விளங்கிய பிறகும் யாரும் சாமி கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை; அவரவருக்கு அவரவர் கேட்ட சலங்கை இருந்தது.

பேயாண்டி அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தார். விடியலில் குரல் கொடுக்க ஆளில்லாமல் தாமே ஏர் பிடித்தார். திறப்புக்கு ஒரு பக்கம் அடுப்படி, மறுபக்கம் அவர் கட்டில். வெயில் தணிவதற்குள் வயலைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து, வெளிச்சம் இருக்கும்போதே உண்டுவிட்டுக் கட்டில் பக்கம் போய்விட வேண்டும். கொஞ்சம் பிந்திவிட்டால் ஒச்சம்மாள் அடுப்படிப் பக்கத்திலிருந்து, "இருட்டிருச்சுங்க, இனிமே காலையிலதான்" என்பாள். அவர் பசியோடு படுத்துக்கொள்வார்.