மொட்டைத் தலை பேட்ஸ்மேன்

இறந்துபோன என் மகனுடைய பழைய கேம் மெஷினை இன்று ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனேன். போட்டால், கடைசி நாட்களில் அவனுக்கு மூச்சு இரைத்த மாதிரியே இரைகிறது.

கடைக்காரர் பிரித்துப் பார்த்தார். "சூடாயிகினே போவுதும்மா. இன்னொரு தடவை போட்டா அவ்ளோதான். இதுல இருக்கறத புது மெஷினுக்கு மாத்தவும் முடியாது. ரெண்டுலயும் கேமை ஓட்டற என்ஜினே வேற."

ஆடிக் கிருத்திகைக்கு மலைக் கோயிலில் மொட்டை போட்டு வந்த அன்று, இந்த மெஷினில் இருக்கும் கிரிக்கெட் கேமில் அவன் தன்னைப் போலவே ஒரு மொட்டை பேட்ஸ்மேனைச் செய்திருந்தான். அதைக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"பையன் போட்டோ குடுங்க, புதுசுல அவனையே செஞ்சுடலாம். வேர்வைகூட தெரியும்."

"பழசுல மூக்கு கோணலா இருக்கும்பா. அது அவன் கையால செஞ்சது."

திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் ஒரு தடவைதான் அவனைப் பார்க்கலாம்.

எந்த நாளில் பார்ப்பது? கரண்டு போகாத நாளாகச் சொல்லுங்கள்.