தேன்சிட்டு வரைந்த காலை

மூன்று வருஷத்துக்கு முன்னால், பெசன்ட் நகரில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டில் நடந்தது இது. நான் ரிட்டயர் ஆகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பேப்பரை வரிவிளம்பரம் வரைக்கும் படித்து முடித்தாலும் பத்து மணிகூட ஆகியிருக்காது. என் தொணதொணப்பு தாங்காமல் மனைவிதான் அடையாறில் ஒரு வாட்டர்கலர் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

சொல்லிக்கொடுத்தது என் மகளைவிடச் சின்னப் பெண். முதலில் இலை, பிறகு பூ, அப்புறம் தோட்டத்துக்கு வருகிற குட்டிப் பறவைகள். நான் தையல்சிட்டு வரைந்தால் எலி மாதிரி வரும். வாட்டர்கலரில் கஷ்டமே ஈரம்தான். ஒரு நிறம் காய்வதற்குள் அடுத்ததைப் பக்கத்தில் விட வேண்டும், இரண்டும் தானாகக் கலந்துகொள்ளும். காய்ந்தபிறகு தொட்டால் திட்டுத் திட்டாகக் கறை. அந்த நேரத்தில் போன் அடித்தால்கூட எடுக்காதீர்கள் அங்கிள் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

எனக்குப் பிடிபடாமலே இருந்தது ஆண் தேன்சிட்டு. சும்மா பார்த்தால் கறுப்பு. வெயிலில் திரும்பினால் கழுத்தில் ஊதா, நீலம், பச்சை எல்லாம் ஓடும். பால்கனியில் மனைவி வளர்த்த செம்பருத்திக்கு தினமும் ஒன்று வரும். சமையலறையில் இருந்தபடியே அதன் குரலைக் கேட்டு, வந்துவிட்டது பாருங்கள் என்று எனக்குச் சொல்வாள். முப்பது தாளாவது பாழாக்கியிருப்பேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை இருக்கும். பால்கனியில் உட்கார்ந்து, கழுத்துக்கு ஊதாவை விட்டுவிட்டு, ஓரத்தில் நீலத்தைத் தொட்டேன். அது மெல்ல ஊர்ந்துபோய் ஊதாவோடு கலந்தது. முதல் தடவையாக நிஜக் கழுத்து மாதிரியே இருந்தது. அப்போதுதான் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "என்னங்க" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கொழகொழவென்று கேட்டது. ரெண்டு நிமிஷம் என்றேன். மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை வார்த்தை இல்லை, வெறும் சத்தம். எனக்கு எரிச்சல் வந்தது.

"இரேன். ஈரம் காஞ்சுடும்" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. நிம்மதியாகப் பச்சையை விட்டேன். இறக்கையை முடித்தேன். பிரஷ்களை அலசினேன். தாளைச் சுவரில் சாய்த்து, தள்ளி நின்று பார்த்தேன். நான் உள்ளே போனபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

சமையலறைத் தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு தனியாகக் கிடந்தது. கண் மட்டும் திறந்து என்னையே பார்த்தது. அடுப்பை அணைத்திருந்தாள். விழுவதற்கு முன்னால் அதைச் செய்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில், கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எட்டே காலுக்கு காபி கொடுத்தாள் என்றேன். அது உண்மை. மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தி.நகரிலிருந்து ஓடி வந்த மகள் அழுதுகொண்டே கேட்டாள்.

"அம்மா உன்னைக் கூப்பிடவே இல்லையாப்பா?"

"இல்லம்மா" என்றேன்.

அவள் நம்பினாள். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாதான் நம்பவில்லை. மறுநாள் பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "இத்துனூண்டு வூடு. அம்மா கூப்ட்டா எனக்கு மாடிப்படிலயே கேக்கும். உனக்கு எப்டி சார் கேக்காம போச்சு?" குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. நான் எதையோ தேடுவது போல் உள்ளே போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து மனைவி வீட்டுக்கு வந்தாள். வலது கை வரவில்லை. பேச்சில் பத்துப் பதினைந்து வார்த்தைதான் மிச்சம். அதற்குள் மகள் அந்தப் படத்தைக் கண்டெடுத்து, அம்மா கட்டிலுக்கு எதிரே பிரேம் போட்டு மாட்டியிருந்தாள், அம்மாவுக்குப் பறவை பிடிக்குமே என்று. கழற்று என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. வகுப்பில் அதன் போட்டோவைப் பார்த்தவர்கள் எல்லாரும் நான் வரைந்ததிலேயே இதுதான் சிறந்தது என்றார்கள். அது வாஸ்தவம்தான்.

ஒரு சாயங்காலம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மனைவி படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தாள். எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னாள். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது.

"முடி... ஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று அதற்குமேல் கஞ்சி இறங்கவில்லை. அவள் விழுந்த காலையில் நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

இப்போது அவள் லேசாக முனகினாலே எழுந்து ஓடுகிறேன். குளிப்பாட்டுவது, தலை பின்னுவது எல்லாம் நான்தான். வருகிறவர்கள், இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவள் எதிரிலேயே சொல்கிறார்கள். அவள் என்னைப் பார்ப்பாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மகளிடம் சொன்ன பொய்யை இன்றுவரை திருத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை, அதனால்தான் பெயர் போடாமல் இதை உங்களிடம் சொல்கிறேன்.