ஐந்து பேர் டிக்கெட்டில் மனைவியை அழைத்து வந்த கதை

கார்ல்ஸ்ரூஹேயில் நான் வேலை பார்த்த காலத்தில் எனக்குத் தெரிந்த ஜெர்மனி, மெதுவாகப் போகும் ரயிலின் ஜன்னலில் தெரிந்த ஜெர்மனிதான். வேக ரயில்களையும் பார்த்திருக்கிறோம். ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் எங்கள் வண்டி ஓரங்கட்டி நிற்கும்போது அவை எங்களைக் கடந்து போகும். அதில் போகிறவர்களைப் பற்றி எங்களுக்கு உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பணத்தின் அருமை தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

காரணம், வார இறுதி டிக்கெட். சனி அல்லது ஞாயிறு ஒரு நாள் முழுக்க, ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். மெதுவான ரயில்களில் மட்டும்தான் ஏற வேண்டும், ஐந்து பேரும் சேர்ந்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த எங்களுக்கு இந்த டிக்கெட் ஏறக்குறைய ஒரு மதம். ஐந்து பேர் போனால் அது பயணம். நான்கு பேர் போனால் ஊதாரித்தனம்.

எங்களில் இதற்குத் தலைவர் ஒரு மதுரைக்காரர். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், ஆனால் ரயில் விஷயத்தில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. ஆள் குறைந்தால் அவர் ஸ்டேஷனிலேயே ஐந்தாவது ஆளைப் பிடித்துவிடுவார். டிக்கெட் மெஷின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பவர்களை நோட்டமிட்டு, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுப்பார். ஜெர்மன்காரர்களுக்கும் இது பழக்கமான விஷயம்தான் என்பதால் யாரும் போலீஸைக் கூப்பிட்டதில்லை. இப்படி எங்களோடு பயணம் செய்தவர்களில் மாணவர்கள் உண்டு, கால்பந்து ரசிகர்கள் உண்டு, ஒரு தடவை ஒரு பாதிரியார்கூட உண்டு. பாதிரியார் வழி முழுக்கத் தூங்கினார்.

நான் கல்யாணம் முடிந்த சில வாரங்களிலேயே மனைவியை ஊரில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவள் விசாவுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. அதுவரை எங்கள் இல்லறம் தொலைபேசி அட்டையில் நடந்தது. பாதிப் பேச்சு கேட்காது, மீதிப் பாதியில் அவள் வீட்டில் யாராவது பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். கடைசியில் விசா வந்து, சனிக்கிழமை மதியம் பிராங்பேர்ட்டில் இறங்குகிற மாதிரி டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அவள் அதற்கு முன்னால் விமானத்தில் ஏறியதில்லை. ஜெர்மன் தெரியாது. அவளுடைய கைபேசி இங்கே வேலை செய்யாது.

"வெளிய வந்ததும் அங்கயே நில்லு. எங்கயும் போயிடாத. நான் நிப்பேன்" என்று சொல்லியிருந்தேன்.

"கண்டிப்பா நிப்பீங்கல்ல?" என்றாள்.

"கண்டிப்பா நிப்பேன்."

கிளம்புவதற்கு முன்பு கடைசியாகப் பேசியபோதும் அதையே கேட்டாள். நானும் அதையே சொன்னேன்.

உண்மையில் நான் தனியாக வேக ரயிலில் போவதாகத்தான் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிவிடும். இது எப்படியோ மதுரைக்காரர் காதுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, சிஸ்டர் மொத மொதல்ல வர்றாங்க. நீ மட்டும் போய் அநாதையா நிப்பியா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

அறையில் என்னோடு தங்கியிருந்த இருவரும் ஆமாம் என்றார்கள். அவர்கள் இருவரும் எதற்கும் சேர்ந்தேதான் ஆமாம் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தில் யார் மனைவி வந்தாலும் எல்லோரும் போய் நிற்பதுதான் வழக்கம். அதற்கு முன் வேறொருவருடைய மனைவி வந்தபோது நானும் போய்க் கூட்டத்தோடு கூட்டமாகக் கைதட்டியவன்தான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

"கணக்கைப் பாரு" என்றார் மதுரைக்காரர். "போகும்போது நாலு பேர். வரும்போது சிஸ்டரோட சேத்து கரெக்டா அஞ்சு." கணக்கின் அழகில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்கு வந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போகும்போது ஓர் இடம் காலி. "அஞ்சு பேர் டிக்கெட்ல நாலு பேர் போறதா? மனசு கேக்குமா?" என்று புலம்பிக்கொண்டே பிளாட்பாரத்தை அலசினார். அவர் ஆளைத் தேடுவதற்குள் ஆளே அவரைத் தேடி வந்தது. பட்டுச்சேலைக்கு மேல் கனத்த குளிர்கோட்டு மாட்டிய ஓர் அம்மாள், கையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளியுடன், நாங்கள் பேசிய தமிழைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, பிராங்பேர்ட்டுக்கோ போறியள்?"

"ஆமாக்கா."

"எனக்கும் அங்கதான் போகவேணும். தங்கச்சியின்ரை மகளுக்குச் சாமத்திய வீடு. உங்கட ரிக்கெற்றில ஒருத்தருக்கு இடம் இருக்கோ?"

சாமத்திய வீடு என்றால் மஞ்சள் நீராட்டு விழா. மதுரைக்காரர் பதில் சொல்வதற்கு முன்பே வாளியை வாங்கிக்கொண்டார். வாளி நிறைய விழாவுக்குச் செய்த இனிப்புகள், அரியதரமும் பயத்தம் பணியாரமும் இருந்தன. "கவனம் தம்பி, ஆட்டாதையுங்கோ. உடைஞ்சுபோம்" என்றார் அக்கா. வண்டியில் ஏறியதும் அக்கா எல்லோருடைய ஊரையும் கேட்டார். நான் அழைக்கப் போவது மனைவியை என்று தெரிந்ததும் என்னை மட்டும் இன்னும் கொஞ்சம் விசாரித்தார்.

"பிள்ளை தனியவோ வருது?"

"தனியாத்தான்க்கா. மதியமே இறங்கிடுவா."

"அப்ப நீங்கள் வேளைக்கே போய் நிக்கவேணும்."

நிற்பேன் என்றேன். எங்களிடம் நேரம் தாராளமாக இருந்தது. பெட்டி வருவதற்கும் பாஸ்போர்ட் பார்ப்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்துத் திட்டம் போட்டிருந்தோம். திட்டம் போடுவதுதான் எங்கள் தொழிலே.

ஹைடெல்பெர்க்கில் வண்டி மாற வேண்டும். இறங்கி, படியேறி, வேறு பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும். மாறுவதற்கு இருந்த நேரம் இளவட்டங்களுக்குப் போதும். அக்காவுக்கு முழங்கால் வலி. "நான் முன்னாடி போய்க் கதவைப் பிடிச்சு வெக்கிறேன், நீங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மதுரைக்காரர் வாளியோடு ஓடினார். நான் அக்காவின் இன்னொரு பையைத் தூக்கிக்கொண்டேன். அறை நண்பர்களில் ஒருவன் பூங்கொத்தையும் மற்றவன் கேமராவையும் காப்பாற்றிக்கொண்டு வந்தான். நாங்கள் கடைசிப் படியில் கால் வைக்கும்போது கதவு மூடிக்கொண்டது. மதுரைக்காரர் ஒரு கையால் கதவைப் பிடித்துப் பார்த்தார். ஜெர்மன் கதவு பிடிகொடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கையில் வாளியும் மறு கையில் டிக்கெட்டுமாக நின்றபடி அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது.

"மாப்ள, டிக்கெட் என்கிட்ட இருக்கு."

"தெரியுது."

"யாரும் எதுலயும் ஏறிடாதீங்க. நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கித் திரும்பி வர்றேன்."

டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறுவது பற்றி எங்களிடையே ஒரு கதை உலவியது. டார்ம்ஸ்டாட்டில் ஒரு மாணவன் அப்படி மாட்டிக்கொண்டானாம், அவனுக்கு விசாவே நீட்டிக்கவில்லையாம். அந்த மாணவனை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லோரும் நம்பினோம். எனவே டிக்கெட் இல்லாத நாங்கள் நால்வரும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தோம். அடுத்த பிராங்பேர்ட் வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அவள் இந்நேரம் இறங்கத் தயாராகிக்கொண்டிருப்பாள். சீட் பெல்ட்டைப் போடச் சொல்லியிருப்பார்கள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, ஏன் இதில குந்திக்கொண்டு இருக்கிறியள்? வேற ரிக்கெற் எடுத்துக்கொண்டு வேகமான ரெயினில போங்கோவன். பிள்ளை அங்க தனிய நிக்கும் எல்லே."

"நீங்களும் மத்தவங்களும்?"

"நாங்கள் ஆறுதலா வாறம். எனக்கு என்ன, சாமத்திய வீடு பின்னேரம்தானே."

அவர் சொன்ன பிறகுதான் அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு உறைத்தது. எழுந்து மெஷினுக்கு ஓடினேன். எங்கிருந்து, எங்கே, எப்போது, ஜன்னலோரமா, நடைபாதை ஓரமா, தள்ளுபடி அட்டை உண்டா, திரும்பி வர உத்தேசமா என்று அது ஒவ்வொன்றாக விசாரித்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து "மாப்ள!" என்று ஒரு கூக்குரல். மதுரைக்காரர் திரும்பி வந்துவிட்டார், வாளி ஆடாமல், டிக்கெட் கசங்காமல். அறை நண்பர்கள் இருவரும் கைதட்டினார்கள்.

"என்னத்துக்குப்பா தனி டிக்கெட்? அதான் வந்துட்டேன்ல. வண்டி இப்ப வந்துடும்" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினார். மெஷின் இன்னும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. ஓடிப் போய் வாளியோடு திரும்பி வந்தவரிடம் நான் தனியாகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? ரத்து பட்டனை அழுத்திவிட்டு அவரோடு நடந்தேன். அக்கா வண்டி வரும்வரை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வண்டி எல்லா ஊரிலும் நின்றது. ஊரே இல்லாத இடங்களிலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் சைக்கிளை மெதுவாக இறக்கினார்கள். எனக்கு ஜெர்மனியின் மேலேயே கோபம் வந்தது. பிராங்பேர்ட் மெயின் ஸ்டேஷனில் அக்கா இறங்கும்போது வாளியைத் திறந்து, இரண்டு கை கொள்ளும் அளவுக்குப் பணியாரத்தைத் தாளில் சுற்றி என்னிடம் தந்தார். "பிள்ளைக்குக் குடுங்கோ. பசியோட நிக்கும்" என்றார். அங்கிருந்து நாங்கள் விமான நிலையத்துக்கு எஸ்-பான் என்ற உள்ளூர் ரயிலைப் பிடித்தோம்.

வருகைக் கூடத்தில் நாங்கள் நால்வரும் ஓடினோம். அவள் வந்த விமானத்தின் பெயர் அறிவிப்புப் பலகையிலிருந்தே போய்விட்டிருந்தது. அதற்குப் பின் வந்த விமானத்துக்காரர்களும் கட்டிப்பிடித்து முடித்துக் கலைந்துகொண்டிருந்தார்கள். அவள் நான் சொன்ன இடத்திலேயே இருந்தாள். வெளியே வரும் வாசலுக்கு நேர் எதிரே, பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுது முகம் கழுவிய மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டடி வைத்தாள். வாய் திறந்தது.

"வாங்க சிஸ்டர், வெல்கம் டு ஜெர்மனி!" என்றார் மதுரைக்காரர். பூங்கொத்து எனக்கு முன்னால் அவள் கைக்குப் போனது. அறை நண்பன் கேமராவைத் தூக்கி, எங்கள் இருவரையும் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னான். மற்றவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவள் திறந்த வாயை மூடினாள். பிறகு எங்கள் நால்வரையும் பொதுவாகப் பார்த்து, "எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் புகைப்படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் எல்லோரும் நன்றாகவே விழுந்திருக்கிறோம். நடுவில் மதுரைக்காரர்.

திரும்பும்போது ஐந்து பேர் சரியாக இருந்தோம். மதுரைக்காரர் அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, தானும் அறை நண்பர்களுமாகச் சூழ்ந்துகொண்டார். எனக்கு நடைபாதைக்கு அந்தப் பக்கம் இடம் கிடைத்தது. இந்த நாட்டில் குப்பையை எப்படிப் பிரிப்பது, ஞாயிற்றுக்கிழமை ஏன் கடை திறக்காது, இந்த டிக்கெட்டின் மகிமை என்ன என்று ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்கினார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பணியாரத்தை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் தீர்ந்தது. டார்ம்ஸ்டாட் தாண்டியதும் வயிறு நிறைந்த மூவரும் அப்படியே தூங்கிப்போனார்கள். மதுரைக்காரர் குறட்டை விட்டார்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில், கைப்பைக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டேன்.

"ரொம்ப பயந்துட்டியா?"

"வரலைன்னதும் பயந்தேன். பெறகு வந்துடுவீங்கன்னு உக்காந்துட்டேன்."

"என்னைப் பாத்ததும் ஏதோ சொல்ல வந்தியே."

"ஒண்ணு சொல்லணும்னு வெச்சிருந்தேன். ஃப்ளைட்ல பூரா அதையே மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு வந்தேன்."

"இப்ப சொல்லு."

அவள் எதிரே தூங்கும் மூன்று பேரையும் பார்த்தாள். மதுரைக்காரரின் சட்டைப் பையிலிருந்து டிக்கெட் பாதி வெளியே தெரிந்தது.

"அது அங்க வெச்சு சொல்ல வேண்டியது" என்றாள். "நீங்க தனியா வருவீங்கன்னு நெனச்சுட்டு வந்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை. பிறகு ஹைடெல்பெர்க் வந்துவிட்டது. அங்கே வண்டி மாற வேண்டும் என்பதால் கையை விட்டுவிட்டு மூன்று பேரையும் எழுப்பினேன்.