விடுபட்ட அரை மணி

மாகறல் காலனியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பெண் ஏஞ்சல். அவளைச் சென்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டவன் அதே ஊர் அரவிந்தன். அங்கே அவன் டீம் லீடர். அவன் அப்பா பஞ்சாட்சரத்தின் நிலத்தில்தான் ஏஞ்சலின் அப்பா ஜான்சன் கூலி வேலை செய்தார். "நம்ம ஊர்ப் பொண்ணு, நல்லா செய்யும்" என்று அரவிந்தன் சொன்ன ஒரு வார்த்தையில் வேலை கிடைத்தது. அந்த ஒரு வார்த்தையை பஞ்சாட்சரம் வீட்டார் அதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்லிக்காட்டினார்கள்.

கம்பெனி தயாரித்தது ஒரு பில்ட் டூல். புரோகிராமர்கள் துண்டு துண்டாக எழுதுவதையெல்லாம் சேர்த்து, ஓடக்கூடிய ஒரே மென்பொருளாகக் கட்டித் தரும் கருவி. கட்டி முடித்ததும், எத்தனை மணிக்கு முடித்தது என்று அந்தந்த நாட்டு நேரத்தில் காட்டும். நேரம் காட்டும் பகுதியை எழுதியவன் அரவிந்தன். அது சரியாக வருகிறதா என்று சோதிப்பது ஏஞ்சலின் பொறுப்பு.

கொரோனாவால் ஆபீஸை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்தார்கள். சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே மேஜை ஃபேனை லேப்டாப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவள் டூலை ஓட்டினாள். அது காட்டிய நேரம் அவளுடைய போன் காட்டிய நேரத்துக்கு அரை மணி பின்னால் இருந்தது. மறுபடி ஓட்டினாள். அதே அரை மணி குறைந்தது.

உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம் வரும். அரவிந்தன் எழுதியது ஐந்தைக் கூட்டிவிட்டு அரையை விட்டுவிட்டது. ஜெர்மனிக்கு மாற்றிப் பார்த்தாள், ஜப்பானுக்கு மாற்றிப் பார்த்தாள். சரியாகவே வந்தது. நம்மைப் போல அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கும் நாடுகளுக்குத்தான் தவறு. சோதனையில் தோல்வி என்று பதிந்தாள்.

சற்று நேரத்தில் அரவிந்தன் போன் செய்தான்.

"இன்னா ஏஞ்சல், ஃபெயில்னு போட்டுகீற? சர்வர்ல பாஸ் ஆவுதே."

"சர்வர் பொது நேரத்துல கீது சார். அங்க எதையும் கூட்டவே வேணாம். நம்ம சிஸ்டத்துல ஓட்டிப் பாருங்க, அர மணி கொறையும்."

அவன் சொன்னான்: "இத வாங்கறவன் ஜெர்மனிக்காரன். இந்தியாவுல எவன் வாங்கப் போறான்? வெள்ளிக்கிழம ரிலீஸ். முடிஞ்சிட்ச்சின்னு மேல சொல்லிட்டேன். உன் சிஸ்டத்த பொது நேரத்துக்கு மாத்தி ஓட்டி, பாஸ் போட்டு வுட்டுடு."

"அது தப்பு சார்."

அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் ஜான்சன் வயலிலிருந்து வந்ததும் நேராக அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல சின்னவரு மேல புகார் எழுதிக்கினு கீறியாமே. பெரியவரு மோட்டார் கொட்டாயாண்ட எல்லாரு எதிர்லயும் கேட்டாரு."

"புகார் இல்ல நைனா. நேரம் தப்பா காட்டுது. தப்புன்னு சொல்றதுதான் என் வேல."

"எவ்ளோ தப்பு?"

"அர மணி."

ஜான்சன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை. "அர மணிதானா? நாங்க தெனமும் அவுருக்கு அர மணி சேத்து வேல செஞ்சிட்டுதான் வர்றோம். இன்னா கொறஞ்சி பூட்டோம்? வுட்டுடும்மா. நாளைக்கி நான் அந்த வரப்புல போய் நிக்கணும்."

ஏஞ்சல் லேப்டாப்பைப் பொது நேரத்துக்கு மாற்றி வைத்து ஓட்டினாள். எல்லாமே பச்சையாக வந்தது. தேர்ச்சி என்று போட்டுவிட்டு எழுந்து போனாள்.

சில மாதங்களில் புனேக்காரர்கள் அந்த டூலை வாங்கினார்கள். நேரத்தைப் பார்த்துக் கடைசியாகக் கட்டிய மென்பொருளை எடுப்பது அவர்கள் வழக்கம். சற்று முன் வேறொரு டூலில் கட்டிய பழையது சரியான நேரத்தைக் காட்ட, இதில் கட்டிய புதியது அரை மணி பின்னால் காட்டியதால் பழையதையே புதியது என்று எடுத்துத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய தகராறு ஆனது.

மேனேஜர் கீர்த்தி வீடியோ காலில் எல்லோரையும் கூப்பிட்டாள். அரவிந்தன் கேமராவை அணைத்து வைத்திருந்தான்.

"டெஸ்டிங் ஏஞ்சல்தான் பண்ணாங்க. அவங்க பாஸ் பண்ணதாலதான் நான் ரிலீஸ் பண்ணேன்" என்றான். அவன் அவளை 'அவங்க' என்று சொன்னது அன்றுதான்.

"மொதல்ல ஃபெயில்னுதான் மேடம் போட்டேன். மாத்தச் சொன்னாங்க" என்றாள் ஏஞ்சல்.

"யார் சொன்னா?" என்று கீர்த்தி கேட்டாள்.

அப்பா அப்போது பஞ்சாட்சரத்தின் வயலில் நாற்றுக்கட்டு தூக்கிக்கொண்டிருந்தார். ஏஞ்சல் வாய் திறக்கவில்லை. கீர்த்தி காத்திருந்து பார்த்துவிட்டு, "யார் சொன்னாலும் பாஸ்னு போட்டது நீங்கதானே" என்றாள்.

அந்த மாதத்தோடு ஏஞ்சலின் வேலை போயிற்று. தவறை ஒரே நாளில் சரிசெய்ததற்காக அரவிந்தனை எல்லோருக்கும் போன மெயிலில் பாராட்டியிருந்தார்கள். அவளுக்கும் வந்தது, அவளுடைய மெயில் கணக்கை இன்னும் மூடாமலிருந்ததால்.

இப்போது அவள் ஒரகடம் பக்கம் கார் சீட் தைக்கும் தொழிற்சாலைக்குப் போகிறாள். ஜான்சன் இன்னும் அதே வயலுக்குத்தான் போகிறார். வீட்டில் இருவரும் சோறு, தண்ணீர், கரண்டு பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அரவிந்தன், தொழிற்சாலை வேனுக்காக நின்றிருந்தவளைப் பார்த்துக் காரை நிறுத்தினான். "வேற எங்கனா ட்ரை பண்றியா ஏஞ்சல்? நான் வேணா சொல்லி வுடட்டா?"

"வேணாம் சார்" என்றாள். கார் போன பிறகும் அந்த 'சார்' வாயில் கசந்துகொண்டிருந்தது.