பிஸ்டல் கேட்டு நான் போட்ட மனு

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கிற அறையில் ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது. ஊருக்குப் போடும் கடிதங்களைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் சாதாரண ஜனங்கள் விளையாட்டுக்காகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசுகிறவர்கள் யாரும் அதற்கு மனு போட்டவர்கள் இல்லை. நான் போட்டவள்.

என் கணவருக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. கிடர்பூர் குவார்ட்டர்ஸில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, சால்ட் லேக்கில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடிக்கு வந்தோம். பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் அவரை விசாகப்பட்டினத்துக்கு மாற்றிவிட்டார்கள். மகள் அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். அவள் படிப்புக்காக நானும் அவளும் கல்கத்தாவிலேயே தங்கினோம். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என்.சி.சி.யில் சேர்ந்திருந்தாள். முகாமில் ரைபிள் சுடச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சுட்ட அத்தனையும் ஒரு வடை அகலத்துக்குள் விழுந்திருந்ததாம். அங்கிருந்த ஒருவர் சொல்லி ஒரு கிளப்பில் சேர்ந்தாள். முதலில் ஏர் பிஸ்டல், அதன் பிறகு நிஜக் குண்டு போடும் பாயிண்ட் டூ டூ பிஸ்டல். இருபத்தைந்து மீட்டர் தள்ளித் தாள் மாட்டியிருப்பார்கள். ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும். வீட்டில் டம்ளரைக் கழுவினால் இரண்டு தடவை கீழே போடுகிற பெண், அங்கே கையை நீட்டினால் சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்பாள். நானே போய்ப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

தொல்லை என்னவென்றால், கிளப்பில் பிஸ்டல் இரண்டே இரண்டு. சுடுகிறவர்கள் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் தன் கண்ணுக்குத் தகுந்தபடி குறிபார்க்கும் திருகைத் திருப்புவார்கள். அடுத்தவர் வந்து அதைத் திரும்பத் திருப்புவார். மரப்பிடியை ஏதோ பெரிய கைக்காரருக்காகச் செதுக்கியிருந்தார்கள். என் மகள் இடைவெளியில் பிளாஸ்திரியைச் சுற்றி வைத்துப் பிடிப்பாள், மற்றவர்கள் அதைப் பிய்த்துப் போடுவார்கள். மாநிலத் தேர்வு டிசம்பர் கடைசியில். அந்தத் தேர்வுக்குக் கிளப் பிஸ்டல்கள் மூத்த பெண்கள் இரண்டு பேருக்கு என்று முன்பே முடிவாகிவிட்டது. மகள் போக வேண்டுமானால் சொந்தமாக ஒன்று வேண்டும். கிளப்பில் சுடுவதை நிறுத்திவிட்ட பெரியவர் ஒருவர், லைசென்ஸ் வந்த அன்றே தன்னுடையதைக் கொடுப்பதாகச் சொன்னார். லைசென்ஸ்தான் இல்லை. அவளுக்கு இருபத்தொன்று முடியவில்லை. அப்பா ஊரில் இல்லை. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே ஆள் நான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் என் கணவர் வெகு சுலபமாகச் சொன்னார். "உன் பேருக்கு எழுதிப் போடு. கிரிக்கெட் மட்டை மாதிரிதான் அதுவும். விளையாட்டுச் சாமான்."

"மட்டையைப் பீரோவுல பூட்டி வைக்கச் சொல்லி போலீஸ் வந்து பாக்குமா?" என்று கேட்டேன்.

"வக்கீல் மாதிரில்லா பேசுத. இதையே ஆபீஸ்லயும் பேசிரு," என்று சிரித்தார். அவர் விசாகப்பட்டினத்தில் இருந்துகொண்டு சிரிக்கலாம்.

நானே நேரில் போய்க் கிளப்பை நடத்துகிறவரிடம் கேட்டேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் மேஜர் என்று கூப்பிடுவார்கள். பிஸ்டல் எங்கள் பெயரில் இருக்கட்டும், ஆனால் உங்கள் இரும்பு அறையிலேயே பூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சுடுவது இங்கே, அப்புறம் அது என் வீட்டுக்கு எதற்கு வர வேண்டும்? அவர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, தனியார் ஆயுதத்தைக் கிளப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை, லைசென்ஸ் யார் பெயரிலோ அவர்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்றார். அதோடு, விளையாட்டுக்கு என்று மனு போட்டால் மனுதாரர் விளையாடுகிறவராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஆகவே நாற்பத்து நாலு வயதில், புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, நாலு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சுட்டேன். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. முதல் நாள் ஐந்து குண்டில் இரண்டுதான் தாளைத் தொட்டது. நாலாவது ஞாயிறு ஐந்தும் தாளில் விழுந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு நிமிஷம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது மகளுக்கு ஏன் வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. மேஜர் சான்றிதழ் கொடுத்தார். லைசென்ஸ் ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். என் வீட்டில் பத்து நிமிஷம் இருந்தார். அக்கம்பக்கத்தில் இருபது நிமிஷம் இருந்தார். அவர் கீழே இறங்குவதற்குள் நாலு மாடிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

எதிர் வீட்டு மாசிமா அன்று சாயங்காலமே வந்தார். அவர் வயதுக்காரப் பெண்களை அங்கே, சித்தி என்கிற மாதிரி, மாசிமா என்றுதான் கூப்பிடுவோம். "வீட்டுக்குள்ள அது எதுக்கும்மா? கோபம் வந்தா கை எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?" என்று வங்காளியில் கேட்டார். எனக்கும் தொண்டைக்குள் நின்றுகொண்டிருந்த கேள்வி அதுதான். விளையாட்டுக்காக என்று மட்டும் சொன்னேன். மாசிமா நம்பவில்லை. அதற்கப்புறம் அவர் பேரன் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வருவது நின்றுபோனது. எனக்கு வருத்தம்தான், ஆனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. மாசிமா அந்த நியாயத்திலேயே நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

துர்கா பூஜை நெருங்கும் சமயம் பக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளத்தில் திருட்டு. டிவியையும் இரண்டு குக்கரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உடனே எங்கள் கட்டடக் கமிட்டி கூடியது. நான் வழக்கம்போலக் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கு இன்னொரு பூட்டு, மாடிப்படிக்கு விளக்கு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று என் பக்கம் திரும்பினார்கள். "பௌதி இருக்கிறப்ப நமக்கு என்ன பயம்?" என்றார் கமிட்டி செக்ரட்டரி தாதா. அண்ணி, அண்ணன், அக்கா என்கிற மாதிரி அங்கே பௌதி, தாதா, திதி. எல்லோரும் சிரித்தார்கள். பூஜைச் சந்தா கேட்டு மிரட்டுகிற பையன்களுக்கு இனி பௌதி வீட்டுக் கதவைக் காட்டிவிடலாம் என்று மூன்றாம் மாடிக்காரர் சொன்னார். ஏதாவது சத்தம் கேட்டால் முதலில் என் வீட்டு மணியை அடிப்பது என்று முடிவானது. நோட்டில்கூட எழுதினார்கள். வெளியே வரும்போது மாசிமா என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அது உன் கைக்கு எப்ப வருது?"

அது காகிதத்தைச் சுடுகிற சாமான் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். திருடன் இருபத்தைந்து மீட்டர் தள்ளி, நெஞ்சில் வட்டம் போட்ட தாளை மாட்டிக்கொண்டு, நான் கண்ணாடி போட்டு முடிக்கும் வரை நிற்பானா? எல்லோரும் சிரித்தார்கள். நான் தன்னடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டார்கள். பிஸ்டல் இன்னும் வரவே இல்லை. அதற்குள் அதற்கு வேலை கொடுத்துவிட்டார்கள்.

மகளிடம் சொன்னால் அவளுக்குக் கோபம். எரிச்சல் வந்தால் வங்காளிகள் மாதிரி 'தூர்' என்பாள். "தூர் ம்மா, அவங்க ஏதோ பேசினா பேசட்டும். மாசிமா வீட்டுல ஹார்மோனியம் இருக்குல்ல, எனக்கு இது அப்படி."

"திருடன் வந்தா ஹார்மோனியத்தத் தூக்கிட்டு மாடிப்படி இறங்கி வான்னு யாரும் மாசிமாவக் கூப்பிட மாட்டாங்க ஏட்டி," என்றேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் நடுவில் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் மகளும் இரண்டு பஸ் மாறிப் போனோம். அதிகாரி நல்ல மாதிரியான மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மேஜரின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே நீங்கள் சுடுவீர்களா என்று கேட்டார். நாலு ஞாயிறு சுட்டேன் என்றேன். மகளுக்காகத்தான் என்பதையும் சொன்னேன். அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார்.

"விளையாட்டுக்குன்னு போட்டா ஃபைல் மேல போகணும், திதி. ஆறு மாசமோ எட்டு மாசமோ. தற்காப்புக்குன்னு மாத்தி எழுதிக் கொடுங்க, இந்த மாசமே முடிஞ்சுரும்," என்றார். "வீட்டுக்காரர் வெளியூர். வயசுப் பொண்ணு. பக்கத்துலயே திருட்டு. உங்க கட்டடத்துலயே எழுதிக் கொடுத்திருக்காங்களே."

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். செக்ரட்டரி தாதா எனக்குத் தெரியாமல் கொடுத்த கடிதம். எங்கள் கட்டடத்தின் பாதுகாப்புக்கு அந்த ஆயுதம் மிகவும் அவசியம் என்று இருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள். முதல் கையெழுத்து மாசிமாவுடையது.

மகள் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரே ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும். விளையாட்டு என்பதை அடித்துவிட்டுத் தற்காப்பு என்று எழுத வேண்டும். விளையாடுகிறேன் என்றால் சந்தேகப்படுகிறார்கள், பயப்படுகிறேன் என்றால் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை வங்காளியில் சொன்னேன்.

"எனக்குப் பயம்னு நான் எழுதினா, பயந்த நேரத்துல அதைக் கையில எடுக்கணும்னு அர்த்தம். நான் எடுக்க மாட்டேன். விளையாட்டுக்குன்னு கொடுங்க. கிளப்புலயே பூட்டி வெச்சுக்கச் சொல்லிக் கொடுங்க. இல்லாட்டி வேண்டாம்."

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். கிண்டல் இல்லாமல் நிஜமாகவே தேடினார். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையே, திதி," என்றார்.

மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று மகளின் பேனாவால்தான் எழுதிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "நீ அதை எடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். எழுதிட்டு எடுக்காம இருந்திருக்கலாம்ல ம்மா," என்றாள். என்னை எனக்குத் தெரியும். ஆனால் ஒருநாள் சத்தம் கேட்டு, நாலு மாடியும் என் வீட்டு மணியை அடித்து, மகளும் பக்கத்தில் நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதை எப்படிச் சொல்வது?

துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். சுடுகிற இடத்தில் அது இருக்கட்டும். வேண்டியவர்கள் அங்கே போய்ச் சுடட்டும், சுட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். இதைச் சொன்னால் வேண்டும் என்பவர்களும் முகம் சுளிக்கிறார்கள், வேண்டாம் என்பவர்களும் முகம் சுளிக்கிறார்கள்.

மனுவைத் திரும்பப் பெற்ற மறுநாள் மேஜர் இருபத்தைந்து மீட்டர் பட்டியலில் மகளின் பெயரை அடித்துவிட்டு, லைசென்ஸ் தேவைப்படாத ஏர் பிஸ்டல் பட்டியலில் பதினோராவதாக எழுதிக்கொண்டார்.