ரப்பர் கொட்டை காட்டிய வழி

கூடாரம் போட்டுத் தங்கி, மலையேறி வரலாம் என்று நானும் கணவரும் சுங்கை சிப்புட் பக்கம் காரில் போனோம். வழியில் அவர் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம்.

"இங்க கண்ண மூடிட்டே நடப்பேன் லா, வா" என்று இறங்கி முன்னால் நடந்தார்.

ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. காரை விட்ட ரோடு எந்தத் திசை என்றே தெரியவில்லை. கைப்பேசியில் லைனும் இல்லை.

திடீரென்று தூரத்தில் 'படார்' என்று சத்தம். துப்பாக்கியோ என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் முகம் மலர்ந்தது.

"வெயிலுக்கு ரப்பர் காய் வெடிக்குது! ரோட்டோரம் நாலஞ்சு ரப்பர் மரம் நின்னுச்சே, அதான்!"

சத்தம் வந்த பக்கமே நடந்து ரோட்டை அடைந்தோம். மரத்தடியில் ஒரு கொட்டையைப் பொறுக்கி, கல்லில் பரபரவென்று தேய்த்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி என் கையில் சூடு வைத்தார்.

இப்போதெல்லாம் கார் நிற்கும் இடத்தைக் கைப்பேசியில் குறிக்காமல் நான் இறங்குவதில்லை. அவர் "எனக்குத் தெரியும் லா" என்றால், கைப்பையில் வைத்திருக்கும் அந்தக் கொட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவேன்.