பாயிண்ட் பங்காளியின் காதுகுத்துப் பயணம்

பழங்காநத்தத்தில் என் டைல்ஸ் கடைக்கு அடுத்தது முத்துப்பாண்டியின் மோட்டார் பம்பு கடை. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை கம்பெனிக் கூட்டத்துக்காகச் சென்னைக்குப் பறப்பான். அதில் விமானக் கம்பெனி கொடுத்தது ஒரு கோல்டு கார்டு. தனி வரிசை, கூடுதலாகப் பத்து கிலோ பெட்டி, சென்னை விமான நிலைய ஓய்வறையில் வயிறு முட்டப் பொங்கல். கொண்டுபோக ஒரு துண்டு இல்லாவிட்டாலும் அந்தப் பத்து கிலோவை அவன் விட்டுக்கொடுக்க மாட்டான்.

இவனைப் போன்ற முந்நூறு பேர் டெலிகிராமில் 'பாயிண்ட் பங்காளிகள்' என்று குழு நடத்துகிறார்கள். எந்தக் கார்டில் பெட்ரோல் போட்டால் இலவச டிக்கெட்டுக்கு எவ்வளவு பாயிண்ட் சேரும், எந்த ஓய்வறையில் வடை சூடாக இருக்கும் என்று ஓயாத பேச்சு. பஸ்ஸில் போகும் என்னையும் இழுத்துப் போட்டான். அங்கே 'ஜன்னல் சீட்டு' என்ற பெயரில் ஒருவர். இவன் பீற்றும்போதெல்லாம் வந்து காலை வாருவார். "பொங்கலுக்காகப் பறக்குற ஒரே ஆளு நீங்கதாண்ணே" என்று அவர் போட்ட நாளில் முத்துப்பாண்டி மத்தியானம் சாப்பிடவில்லை.

இந்த வருஷம் கூட்டங்கள் குறைந்தன. மார்ச் முடிவதற்குள் இன்னும் இரண்டு தடவை பறக்காவிட்டால் கார்டு போய்விடும். பங்காளிகள் வழி சொன்னார்கள்: காலையில் சென்னைக்குப் போ, இறங்கு, அடுத்த விமானத்தில் திரும்பு. போக ஒன்று, வர ஒன்று, கணக்கு சரி; அங்கே வேலை எதுவும் வேண்டாம். முப்பத்தொன்றாம் தேதிக்கு மட்டும்தான் டிக்கெட் கிடைத்தது. அன்றைக்குக் காலை பத்தரைக்கு அழகர்கோவிலில் அவன் தங்கை கனகலட்சுமியின் மகன் மருதுவுக்குக் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனே இவன்தான்.

"மருமகன் காதுகுத்து பத்தரைக்கு, நான் பன்னெண்டு மணிக்குத்தான் மதுரையில எறங்குவேன். தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்ல?" என்று குழுவில் புலம்பினான். மறுநாளே ஆனையூரிலிருந்து தங்கை போன் செய்தாள். நேரம் மாறிவிட்டதாம், மதியம் ஒன்றரையாம். கருப்பசாமி காப்பாற்றிவிட்டார் என்று குதித்தான். "திருமங்கலத்துல லோடு எறங்குது, முடிச்சுட்டு நேரா கோயிலுக்கு வாரேன்" என்று அவளிடம் கூசாமல் புளுகினான்.

அன்று நான் காலையிலேயே அழகர்கோவில் போய்விட்டேன். பத்தேகாலுக்குக் குழுவில் அவன் செய்தி வந்தது. "மதுரை விமானத்துல ஆள் கூடிப்போச்சு. சாயங்கால விமானத்துக்கு மாறுனா இருபதாயிரம் பாயிண்ட் தாராங்களாம். என்ன செய்ய?"

"எடு மாப்ள!" "இம்புட்டு பாயிண்ட்ட எவன் விடுவான்?" "காது எங்கயும் ஓடிப்போயிராது!" என்று பங்காளிகள் ஆடினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டி எழுதலாம் என்று நிமிர்ந்தால், எதிரே மரத்தடியில் மருதுவை இடுப்பில் வைத்துக்கொண்டு கனகலட்சுமி ஒரு கையால் போனில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நின்றதும் என் போன் அதிர்ந்தது.

ஜன்னல் சீட்டு: "பாயிண்டு இன்னொரு நாள் வரும். மருமகனுக்கு ஒங்க மடி இன்னிக்கித்தான் வேணும்."

நான் வாயைப் பிளந்து பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"எந்நேரமும் போனப் பாத்துச் சிரிக்கிறாரே, என்னன்னு பாக்கத்தான் சேந்தேன். சொல்லிறாதீங்க அழகுராஜாண்ணே" என்றாள். சிரித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துருவாருல்ல?"

ஒன்றேகாலுக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. சட்டைப் பையில் போர்டிங் பாஸ் எட்டிப் பார்க்க, முத்துப்பாண்டி ஓடி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தான். மாமன் மடியில் மருது ஊரைக் கூட்டினான். அவனைவிட மாமனுக்குத்தான் அதிகமாக வியர்த்தது.

"லோடு எறங்கிருச்சாண்ணே?" என்றாள் கனகலட்சுமி.

"எறங்கிருச்சும்மா."

மறுநாள் கடையில் உட்கார்ந்து குழுவில் எழுதினான். "இருபதாயிரத்த விட்டுட்டு வந்துட்டேன். கார்டும் தப்பிச்சது, மருமகன் காதும் குத்தியாச்சு. தங்கச்சிக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம்."

ஜன்னல் சீட்டு உடனே பதில் போட்டார்.

"அடுத்த வருசம் டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிருங்கண்ணே. பத்தரைய ஒன்றரையாக்க நூத்தம்பது வீட்டுக்குப் போன் போட்டதுல மருதுவவிட எனக்குத்தான் காது வலி."

அடுத்த கடையில் ஒரு பம்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது.